வாளையாரைத் தாண்டி வேலைக்கு வரும் தம்பிக்கு

வாளையார் எல்லையைத் தாண்டிக் கேரளத்தில் இருக்கும் கஞ்சிக்கோட்டில் கணக்கு வேலைக்குச் சேரப் போகிறீர்கள். வாடகை எவ்வளவு, மலையாளம் தெரியாமல் சமாளிக்க முடியுமா, எக்செல்லில் விலைப்பட்டியலைத் தேடி விலையை எடுத்துத் தரும் விலுக்கப் (VLOOKUP) ஃபார்முலாவை மேக்ரோவில், அதாவது எக்செல்லைத் தானாக வேலை செய்யவைக்கும் சிறு நிரலில், எழுதச் சொல்கிறார்களே எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையை வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்விதான் என் பழைய புண்ணைக் கிளறிவிட்டது.

2010இல் பொள்ளாச்சியிலிருந்து இரும்புச் சாமான் மொத்தக் கடை ஒன்றுக்கு வந்தேன். பில் தாளில் சரக்கு எண், வேறொரு தாளில் விலை. மேக்ரோ தெரியும் என்று ஜம்பமாகச் சொல்லி, வரிசை வரிசையாக ஓடித் தேடும்படி எழுதினேன். எண் கிடைக்காத இடத்தில் 1004 என்று பிழை காட்டி நின்றது. உடனே மேலே 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்', அதாவது பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ, என்று ஒரு வரி போட்டேன். வாயடைத்துப்போய் ஓடியது.

அங்கேதான் கெட்டது. தேடல் தோற்றால் விலையை வைத்திருக்கும் மாறியில் (variable) முந்தைய வரிசையின் விலை அப்படியே கிடக்கும். அடுத்த வரி அதையே எழுதிவிடும். போல்ட்டுக்குக் கதவுக் கீலின் விலை விழுந்தது. விலை கூடியவர்கள் சண்டைக்கு வந்தார்கள், குறைந்தவர்கள் மூச்சு விடவில்லை. கண்டுபிடித்தது அங்கே கணக்கெழுதிய சேச்சி, வெறும் பென்சிலோடு.

ஆகவே வரிசை வரிசையாக ஓடவே வேண்டாம். தாளின் அடிக்கோடியான 10,48,576ஆவது வரிசையிலிருந்து மேல்நோக்கி வந்து, சரக்கு எண் உள்ள கடைசி வரிசையைக் கண்டுபிடியுங்கள். பிறகு ஃபார்முலாவை மொத்தப் பகுதிக்கும் ஒரே வரியில் கொடுங்கள். ஃபார்முலாவில் முதல் சரக்கு எண் உள்ள கட்டத்தைக் குறிக்கும் ஏ2 என்பது வரிசைக்கு ஏற்பத் தானே மாறிக்கொள்ளும். விலைப்பட்டியலின் இடம் மட்டும் அப்படி நகராமலிருக்க அதற்கு டாலர் குறி போட வேண்டும். விலுக்கப்பின் நான்காவது இடத்தில் ஃபால்ஸ் (FALSE, சரியாகப் பொருந்துவதை மட்டும் எடு என்பது) போட மறந்தால், வரிசைப்படுத்தாத பட்டியலில் ஏதோ ஒரு விலையை எடுத்து வைத்து உங்களைப் பார்த்துச் சிரிக்கும். எண் கிடைக்காத இடத்தில் பிழைக்குறி தெரியட்டும், பிழையை மறைக்கும் இஃப்எரர் (IFERROR) போட்டு மூடாதீர்கள். மேக்ரோ ஓடியபின் அன்டூ வேலை செய்யாது. முதலில் கோப்பை நகலெடுங்கள்.

எல்லைக்கு இந்தப் பக்கம் மட்டும் வரும் தொல்லை ஒன்று உண்டு. விலைத் தாளுக்கு மலையாளத்தில் பெயர் வைத்திருப்பார்கள். மேக்ரோ எழுதும் ஜன்னலில் அதைத் தட்டினால் வெறும் கேள்விக்குறிகளாக விழும். தமிழுக்கும் அதே கதிதான், மலையாளத்தைத் திட்டிப் பயனில்லை. பிராப்பர்ட்டீஸ் பெட்டியில் அந்தத் தாளுக்கு ஆங்கில எழுத்தில் ஓர் உள்பெயர் இருக்கும். அதைக் கொண்டு தாளைப் பிடித்து, அதன் பெயரை அங்கிருந்தே எடுத்து, இரு பக்கமும் ஒற்றை மேற்கோள் வைத்து ஃபார்முலாவில் கோத்துவிடுங்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு இரவுகள் போயின.

மொழி பற்றிக் கேட்டீர்களே. தமிழ் பேசியே ஓட்டலாம், பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். சனிக்கிழமை மதியமானால் கோயமுத்தூர் பஸ்ஸுக்குப் பறப்பார்கள். பத்து வருடம் ஆகியும் பஸ் போர்டைப் படிக்கத் தெரியாது, கேட்டால் இந்த ஊர்க்காரர்கள் ஒட்டமாட்டார்கள் என்பார்கள். ஒட்டாதது யார்? நான் மலையாள எழுத்துக் கற்றதே வாளையாரில்தான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் மணிக்கணக்காக வரிசையில் நிற்கும். எங்கள் சரக்குக்குக் காவலாக என்னை அனுப்புவார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, போகிற பஸ்களின் போர்டைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகப் பிடித்தேன். முதலில் பிடிபட்டது 'பாலக்காடு'.

அந்தச் சேச்சி ஓய்வுபெற்றுச் சித்தூர்ப் பக்கம் இருக்கிறார். ஓணத்துக்குப் போனால் மட்டை அரிசிச் சோறு போட்டுவிட்டு, "கீலுக்கு இப்போ எந்தா வில?" என்று தவறாமல் கேட்கிறார்.