காத்மாண்டு கஞ்சாக் கடைக் காலண்டர்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காத்மாண்டுவின் ஈடன் ஹஷீஷ் சென்டர் வெளியிட்ட 1972ஆம் வருடக் காலண்டர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மேலே சிவன் படம், கீழே கடை விளம்பரம். அசல்தான் என்கிறார் விற்பவர். நேரில் போய்ப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? சாமி படத்தைப் போட்டு எப்படிக் கஞ்சா விற்றார்கள் என்பதும் எனக்குப் புரியவில்லை.

கே.

அன்புள்ள கே.,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான விடையில் பாதி அதற்குள் இருக்கிறது.

அன்றைய நேபாளத்தில் கஞ்சாவும் அதன் பிசினான சரஸும் அரசு உரிமம் பெற்ற கடைகளில் விற்ற சரக்கு. பசந்தபூர் சதுக்கத்தை ஒட்டிய ஜோச்சென் தெருவில், ஹிப்பிகள் ‘ஃப்ரீக் ஸ்ட்ரீட்’ என்று அழைத்த இடத்தில், இந்தக் கடைகள் போர்டு மாட்டி வியாபாரம் செய்தன. மகாசிவராத்திரிக்குப் பசுபதிநாத் கோயிலில் கூடும் சாதுக்கள் கையில் கஞ்சா புகைக்கும் சிலிம் குழல் இருப்பது அந்த ஊருக்குப் பழகிய காட்சி. அங்கே சிவன் படத்துக்குக் கீழே கஞ்சாக் கடையின் பெயர் வந்ததை அவமதிப்பாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. சாமி படக் காலண்டர் என்பது மளிகைக் கடையும் நகைக் கடையும் கொடுப்பதுதான். இவர்களும் கொடுத்தார்கள். வாடிக்கையாளர் வெள்ளைக்காரர் என்பதால் வாசகம் ஆங்கிலத்தில் வந்தது.

இந்த வகைக் காலண்டரில் படமும் விளம்பரமும் தனித்தனி வேலைகள். ஆடிப்பெருக்கன்று சாம்பிள் ஆல்பம் வெளியிடும் சிவகாசிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. படத்தை ஆயிரக்கணக்கில் நான்கு வண்ணத்தில் அடித்து, கீழே வெற்றிடம் விட்டு வைத்திருப்பார்கள். ஆர்டர் வந்தபின் கடைப் பெயர் அதில் ஏறும். அதிகப் பிரதி கேட்கும் கடைக்குப் பெயரை அச்சுப் பிளேட்டிலேயே சேர்ப்பதும் உண்டு. இரண்டிலும் எழுத்து தனி மையில், முழுக் கறுப்பாகவோ முழுச் சிவப்பாகவோ விழும்.

ஆகவே சிவனின் முகத்தை விட்டுவிட்டு எழுத்தைப் பாருங்கள். பத்து மடங்கு பெருக்கும் லூப், அதாவது கைலென்ஸ், போதும். அசலில் எழுத்தின் உட்புறம் புள்ளியில்லாமல் நிறைந்திருக்கும், ஓரம் கத்தரித்ததுபோல் இருக்கும். எழுத்தச்சில் மை பூசித் தாளில் அழுத்தும் லெட்டர்பிரஸ்ஸில் அடித்ததென்றால் ஓரத்தில் மை பிதுங்கிய மெல்லிய கரை தெரியும். தாளைத் திருப்பிச் சாய்வெளிச்சத்தில் பார்த்தால் அச்சு அழுத்திய தடமும் தெரியலாம். ஸ்கேன் செய்து அடித்த நகலில் எழுத்தும் படத்தோடு சேர்ந்து நான்கு வண்ணப் புள்ளிகளாக உடைந்திருக்கும். கறுப்பு எழுத்தின் ஓரத்தில் நீலமும் ரோஸும் சிதறியிருந்தால் வாங்காதீர்கள்.

படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. இன்றைய ஆஃப்செட் நகலிலும் பூப்போன்ற புள்ளிக்கூட்டம் இருக்கும். பழைய புள்ளிமேல் புதிய புள்ளி விழுந்து, சமமான நிறப்பரப்பில் அலை அலையாகக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள்; ஓடினால் நகல். இங்க்ஜெட் நகலில் ஒழுங்கே இல்லாமல் மைத்தூறல் மட்டும் தெரியும்.

நிறம் வெளுத்திருப்பதைப் பழமையின் சான்றாக விற்பவர்கள் காட்டுவார்கள். வெளிச்சத்தில் முதலில் மஞ்சளும் மெஜந்தாவும் போகும், நீலமும் கறுப்பும் நிற்கும். அதனால் வெளுத்த படம் நீலம் பாரித்துத் தெரியும். வெளுத்த பிரதியை ஸ்கேன் செய்தாலும் அதே நீலம்தான் வரும். வேறுபாடு விளிம்பில் இருக்கிறது. மேலும் கீழும் தகரப்பட்டை அடித்த காலண்டரில், பட்டைக்குள் மறைந்த துண்டில் வெயில் படாத நிறம் அப்படியே இருக்க வேண்டும். பட்டை கழன்றிருந்தால் அந்த இடத்தில் நேர்கோடாக நிறமாற்றமும் துருக்கறையும் இருக்கும். தேதித்தாள் ஒட்டியதோ பின் அடித்ததோ என்றால் அதன் சுவட்டையும் தேடுங்கள்.

தேதியும் பேசும். 1972 ஜனவரி 1 சனிக்கிழமை. நேபாள அரசு 1973 ஜூலையில் உரிமங்களை ரத்து செய்தது; 1976இல் போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1974 என்று போட்ட ஒரு கஞ்சாக் கடைக் காலண்டரை யாராவது நீட்டினால் நின்று யோசியுங்கள்.

வாங்கினால், தயவுசெய்து லேமினேஷன் செய்துவிடாதீர்கள். சூட்டில் ஒட்டும் பசை தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு பிரிக்க வழியில்லை. கிழிசலுக்கு செலோடேப்பும் கூடாது. பசை பழுத்துப் பழுப்புக் கறையாகும். கோதுமை ஸ்டார்ச் பசையில் மெல்லிய ஜப்பான் தாளைப் பின்பக்கம் ஒட்டுங்கள். வழவழப்பான பூச்சுத்தாள் என்றால் ஈரத்தை மிகக் குறைவாக வையுங்கள், நனைந்தால் பூச்சு இளகி எதிலாவது ஒட்டிக்கொள்ளும். துருப்பிடித்த பட்டையை இழுக்காமல் மடிப்பை நெம்பித் திறந்து கழற்றித் தனியே வையுங்கள். தாளைப் பாலியெஸ்டர் உறையில் போட்டுப் படுக்கை வாட்டில் வைப்பது நல்லது. பி.வி.சி. உறை வேண்டாம், அது நாளடைவில் பிசுபிசுத்து மையை உரித்தெடுக்கும்.