22 மணி நேரம் போட் ஓடாதுங்க: ஆலப்புழாவுக்கு அட்வான்ஸ் அனுப்புறதுக்கு முன்னாடி

கேள்வி: மே லீவுக்கு திருப்பூர்லேர்ந்து ஆறு பேர் ஆலப்புழா போட் ஹவுஸ் போகலாம்னு இருக்கோம். அப்பாவுக்கு 70 வயசு, முட்டி வலி. ரெண்டு சின்னப் பசங்க. ஒருத்தர் வாட்ஸப்ல போட்டோ அனுப்பி "22 மணி நேர க்ரூஸ், ஃபுல் ஏசி, ஏரி கால்வாய் எல்லாம் உண்டு"ன்னு சொல்லி முழுப் பணத்தையும் இப்பவே ஜிபே பண்ணச் சொல்றார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீங்க.

மொதல்ல அந்த 22 மணி நேரக் கணக்க பாத்துடுவோம். மத்தியானம் 12 மணி வாக்குல ஏத்துவாங்க, மறுநாள் காலைல 9 மணிக்கு எறக்கி விட்டுருவாங்க, எண்ணிப் பாருங்க, அதுவே 21 தான் வருது. அதுலயும் சாயங்காலம் அஞ்சரைக்கு மேல போட் நகரக்கூடாது, ஏன்னா அதுக்கப்புறம் மீன்காரங்க வலை போடுற நேரம், போட் அதுமேல ஏறினா அவங்க பொழப்பு போச்சு. நடுவுல சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கரையோரமா கட்டிப் போட்டுருவாங்க. ஆக ஓடுறது மத்தியானத்துல நாலு மணி நேரம் சொச்சம், காலைல டிபனுக்கு அப்புறம் ஒரு மணி நேரம், அவ்ளோதான். அங்க வழக்கமே இதுதான், அதுல தப்பு இல்ல. அதப்போய் 22 மணி நேர க்ரூஸ்னு விக்கிறாரு பாருங்க, அதான் தப்பு.

ஃபுல் ஏசியும் அப்படித்தான். நெறைய போட்டுல ராத்திரி 9 மணிலேர்ந்து காலைல 6 வரைக்கும்தான் பெட்ரூம் ஏசி ஓடும். மே மாசப் புழுக்கத்துல அப்பா மத்தியானம் கொஞ்சம் படுக்கணும்னா என்ன பண்ணுவார்? "பகல்லயும் ரூம்ல ஏசி உண்டா"ன்னு எழுத்துல கேளுங்க. கால்வாய் விஷயம், ஆறு பேருக்கு வேண்டிய மூணு பெட்ரூம் போட் வேம்பநாட்டு ஏரிலயும் அகலமான ஆத்துலயும்தான் போகும், குட்டநாட்டோட சின்னச் சின்ன கால்வாய்க்குள்ள திரும்பக்கூட முடியாது, அதுக்கு ஷிகாராவோ (கூரை போட்ட சின்னப் படகு) சின்ன வள்ளமோ தனியா எடுக்கணும். புன்னமடை படகுத்துறைல போட்டுகள ஒட்டி ஒட்டி நிறுத்தியிருந்தா ரெண்டு மூணு போட்டத் தாண்டித்தான் உங்க போட்டுக்கே போகணும், முட்டி வலிக்காரருக்கு அது கஷ்டம், அதனால ஏறுற எடம் எதுன்னு முன்னாடியே கேட்டுக்கோங்க, மாடி ரூம் வேண்டவே வேண்டாம்.

இப்ப புரோக்கர் விஷயம். போட்டோல ஒரு போட், கரைல நிக்கிறது வேற போட், கேட்டா "அது ரிப்பேர் சார், இதுவும் அதே மாதிரிதான்"னு பதில் வரும். பணம் போனது புரோக்கருக்கு, போட் இன்னொருத்தரோடது, நீங்க யார்கிட்ட சண்டை போடுவீங்க? ஸ்டேஷன்ல எறங்கின உடனே ஆல்பத்தோட வர்ற ஆட்டோக்காரர் கூடயும் போயிடாதீங்க, அவர் கமிஷன் உங்க தலைலதான்.

நேரா ஜெட்டில போய் பேசினா விலை குறையும்னு சொல்வாங்க, அது உண்மைதான், ஆனா எப்போன்னு ஒண்ணு இருக்கு. ஜூன், ஜூலை மழைல, அதுவும் செவ்வாய் புதன்ல, ரெண்டே பேரா, ராத்திரி தங்காம போறீங்கன்னா காலைல போய் நின்னு பேசுங்க, கண்ணால பாத்துட்டு ஏறலாம். மே மாசம் சனிக்கிழமை ஆறு பேரோட, பசங்க, பெட்டி எல்லாம் வச்சுக்கிட்டு வெயில்ல நின்னா நீங்கதான் மாட்டிப்பீங்க. ஆகஸ்ட்ல நேரு டிராபி படகுப் போட்டி நேரத்துலயும் இது வேலைக்காகாது. உங்களுக்கு முன்பதிவுதான் சரி, ஆனா ஓனர்கிட்ட நேரடியா.

எனக்கு கோவம் வர்றது எதுக்குன்னா, படகுக்குப் பதிவு, சர்வேங்கிற பாதுகாப்புச் சோதனை, இத்தன பேர்தான் ஏத்தணும்னு எல்லா விதியும் இருக்கு. இருந்தும் 2023 மே 7ஆம் தேதி கேரளாவுல மலப்புறம் மாவட்டத்து தானூர்ல 22 பேர் செத்தாங்க, மீன்பிடி படக மாத்தி உல்லாசப் படகாக்கி, அளவுக்கு மேல ஆள் ஏத்தி, இருட்டுற நேரத்துல ஓட்டினாங்க. ஒவ்வொரு விபத்துக்கு அப்புறமும் கொஞ்ச நாள் சோதனை, அப்புறம் பழையபடிதான். ஏறுற மனுஷனே கேட்டுத் தெரிஞ்சுக்கணும்ங்கிற நிலைமை எத்தன வருஷத்துக்கு? அதனால லைஃப் ஜாக்கெட் பசங்க சைஸ்ல இருக்கான்னு கேக்க வெக்கப்படாதீங்க.

அப்பாவுக்கு ராத்திரி தங்குறது சரிப்படாதுன்னு தோணுச்சுன்னா ஆலப்புழாலேர்ந்து கோட்டயத்துக்கு அரசு நீர்ப் போக்குவரத்துத் துறை படகு ஓடுது, அங்கத்த ஜனங்களோட ஒக்காந்து அதே தண்ணில குறைஞ்ச காசுல போகலாம்.

இன்னைக்கே அந்த வாட்ஸப்காரருக்கு ஒரு மெசேஜ் போடுங்க: "போட்ல எழுதியிருக்கிற பதிவு நம்பர் தெரியற மாதிரி வீடியோ கால் பண்ணுங்க, ஓனர் நம்பர் குடுங்க, கால்வாசி அட்வான்ஸ் அவருக்கே அனுப்புறேன், மீதி ஏறினப்புறம்." ஒத்துக்கலன்னா விட்டுட்டு வேற போட் பாருங்க.