வாசகர் கேள்வி-பதில்: நெல் விளையும் ஓர் அவுஸ்திரேலியச் சிற்றூர்

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு லீட்டன் என்ற ஒரே ஊரைச் சுற்றியே இருந்தன. ஒரு தாய் அந்த ஊரைப் பற்றிக் கேட்டதை முன்பு சுருக்கமாகப் போட்டிருந்தோம், அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே முழுப் பகுதியையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

கேள்வி: மருமகனுக்கு அவுஸ்திரேலியாவில் லீட்டன் என்ற இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மகளும் பேரனும் கூடப் போகிறார்கள். சிட்னி, மெல்பன் என்றால் கேள்விப்பட்டிருக்கிறோம். இது என்ன ஊர்? பிள்ளை தனித்துப் போய்விடுமா? (உப்புவெளியிலிருந்து ஒரு தாய்)

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, நல்ல ஊர்தான். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சிட்னிக்கு மேற்கே ஏறக்குறைய 550 கிலோமீற்றர் உள்ளே, மரம்பிட்ஜி ஆற்றை அண்டிய சமவெளியில் இருக்கிறது. சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்தால்கூட 12,000 பேருக்குள்தான் வரும். விராஜூரி என்ற பூர்வகுடி மக்களின் நிலம் அது. அங்கே 1912 இல் அரசாங்கம் பெரிய வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தது, அடுத்த வருடமே ஊர் பிறந்தது. ஊரை வரைந்தவர் வோல்டர் பேர்லி கிரிஃபின், அதாவது தலைநகர் கன்பராவுக்குத் திட்டம் போட்ட அதே கட்டடக் கலைஞர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடை கண்ணி எல்லாம் உண்டு, 1930 இல் கட்டிய ரொக்ஸி என்ற அழகான தியேட்டரும் உண்டு.

பருவம் நமக்கு நேர்மாறு. டிசம்பர், ஜனவரியில் 40 பாகையைத் தாண்டும் வெயில், ஜூன், ஜூலையில் காலையில் புல்லில் உறைபனி. பேரனுக்குக் கம்பளி உடுப்பு கட்டாயம், ஆனால் பெட்டியில் இங்கிருந்து அடைத்து அனுப்ப வேண்டாம், அங்கே அந்தக் குளிருக்கு ஏற்றதாக வாங்கலாம். தமிழ்க் குரல் அன்றாடம் காதில் விழாது, அதை மறைக்க விரும்பவில்லை. சிட்னி முருகன் கோயில் ஒரு முழு நாள் கார்ப் பயணம். ஆனால் அறுபது கிலோமீற்றர் போனால் கிரிஃபித் என்ற பெரிய நகரம், இத்தாலியர்கள் வந்து தோட்டம் போட்டுக் கட்டியெழுப்பிய இடம், இப்போது சீக்கியர்களும் நிறைய இருக்கிறார்கள், குருத்துவாரா இருக்கிறது. வெளியூர் முகம் அந்தப் பக்கத்தில் புதிதல்ல. மகள் ஒன்று செய்யட்டும், போனவுடன் கார் ஓட்டப் பழகட்டும். சின்ன ஊரில் கார் ஓட்டத் தெரியாத பெண்தான் உண்மையில் தனித்துப் போகிறாள்.

கேள்வி: அந்த ஊரில் நெல்தான் பயிர் என்கிறார்கள். ஹெக்டயருக்குப் பத்துத் தொன் எடுக்கிறார்களாமே, நம்மால் ஏன் முடியவில்லை? விதையா, உரமா? (தம்பலகாமத்திலிருந்து ஒரு இளம் விவசாயி)

பதில்: பத்துத் தொன் உண்மைதான் தம்பி. ஏக்கருக்கு நாலாயிரம் கிலோ. நம் இலங்கைச் சராசரி அதில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. ஆனால் நம்மவர் சோம்பல் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

முதலாவது, காலம். நீங்கள் போடுவது மூன்று அல்லது மூன்றரை மாத நெல். அவர்கள் ஒக்டோபரில் விதைத்து மார்ச்சுக்குப் பிறகு வெட்டுகிறார்கள், ஐந்து மாதத்துக்கு மேல் பயிர் வயலில் நிற்கிறது, அதுவும் ஒரு நாளில் பதினான்கு மணி நேரம் வெளிச்சம் உள்ள, மேகமே இல்லாத கோடையில். வெயில்தான் அங்கே முதல் உரம். நமக்குக் காலபோகம் முழுக்க மாரி இருட்டு. இரண்டாவது, அவர்களுக்கு வருடத்துக்கு ஒரு போகம்தான். காலபோகமும் சிறுபோகமும் சரியாக விளைந்த வயலில் நீங்கள் வருடக் கணக்குப் பார்த்தால் அந்த இடைவெளி பெருமளவு சுருங்கிவிடும். இதை யாரும் சொல்வதில்லை.

அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. லேசர் கருவி வைத்து நிலத்தை மட்டம் பண்ணுகிறார்கள், தண்ணீர் வயல் முழுக்க ஒரே அளவில் நிற்கிறது, களை குறைகிறது. நெல் போடுமுன் மண்ணைச் சோதித்து, களிமண் இறுக்கமாக இருந்து தண்ணீர் கீழே ஓடாத நிலத்தில்தான் நெல் விதைக்கிறார்கள். பல பண்ணைகளில் நெல்லை மாற்றிக் கோதுமை, பிறகு பயறினப் புல் வளர்த்து ஆடு மேய்ப்பது என்று சுழற்சி நடக்கும், அந்தப் புல் மண்ணுக்குத் தழைச்சத்துக் கொடுக்கும். முளைகட்டிய விதையைச் சின்ன விமானத்தில் போய்த் தூவும் வழக்கமும் உண்டு. பார்க்க ஆச்சரியம், ஆனால் நமக்கு அது தேவையில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. கதிர் உள்ளே உருவாகும் நாட்களில் இரவுக் குளிர் 15 பாகைக்குக் கீழே போனால் நெல் பதராகிவிடும். அதற்காக வயல் நீரை ஏறக்குறைய ஒரு சாண், 20 முதல் 25 சென்ரிமீற்றர் வரை உயர்த்தி இளம் கதிரை நீருக்குள்ளேயே பொத்தி வைக்கிறார்கள். பகலில் சூடேறிய தண்ணீர் இரவில் பயிரைக் காக்கிறது. தண்ணீரைப் போர்வையாகப் பயன்படுத்தும் இந்த அறிவு 1924 இல் அங்கே முதல் வியாபார நெல் விளைந்ததிலிருந்து படிப்படியாகச் சேர்ந்தது.

கேள்வி: எங்களுக்குக் கந்தளாய்க் குளத்து நீர் இலவசம், ஆனால் நேரத்துக்கு வருவதில்லை. அங்கே காசு கொடுத்து வாங்குகிறார்களாம். காசு கட்டினால் ஒழுங்காக வரும் என்றால் அதுதானே நல்லது? (கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் மற்றதை எல்லாம் எழுதினேன் என்றே சொல்லலாம்.

லீட்டனுக்கு வரும் தண்ணீர் பறின்ஜக் என்ற பெரிய அணையில் தேங்கி, ஆற்றோடு இறங்கி, வாய்க்காலுக்குத் திரும்புகிறது. நியூ சவுத் வேல்ஸில் 2000 ஆம் ஆண்டு வந்த நீர்ச் சட்டத்தோடு நீர் உரிமை நிலத்திலிருந்து பிரிந்துவிட்டது. அதாவது வயல் உங்களுடையது, தண்ணீர் வேறொருவருடையதாக இருக்கலாம். வயலை விற்காமல் தண்ணீரை மட்டும் விற்கலாம், ஒரு ஏக்கரும் இல்லாதவர் தண்ணீரை வாங்கி வைத்திருக்கலாம். அணையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, இந்த வருடம் உங்கள் உரிமையில் இத்தனை வீதம் கிடைக்கும் என்று அரசு அறிவிக்கும். பழத்தோட்டக்காரர் பலரிடம் இருப்பது முன்னுரிமை நீர். நெல்லுக்குப் போவது பெரும்பாலும் இரண்டாம் தர உரிமை, வறட்சியில் அது பூச்சியத்துக்கும் இறங்கும்.

ஒரு ஹெக்டயர் நெல்லுக்கு ஏறக்குறைய 12 மெகாலீற்றர் வேண்டும், ஒரு மெகாலீற்றர் பத்து இலட்சம் லீற்றர். நல்ல மழை ஆண்டில் ஒரு மெகாலீற்றர் சில பத்து டொலருக்குச் சந்தையில் கிடைக்கும், வறட்சியில் பல நூறு டொலர். அப்போது நெல் போடுவதைவிடத் தண்ணீரை பாதாம் தோட்டக்காரருக்கு விற்பது லாபம். விற்றவருக்கு நட்டமில்லை, ஆனால் வண்டிக்காரர், ஆலைத் தொழிலாளி, உரக்கடை எல்லாருக்கும் அந்த வருடம் வேலை இல்லை. 2001 இல் அவுஸ்திரேலியா 16 இலட்சம் தொன் நெல்லைத் தாண்டியது. 2008 இல் 20,000 தொன்னுக்கும் கீழே போனது. விவசாயிகளின் கூட்டுறவாக 1950 இல் தொடங்கி இன்று சன்ரைஸ் என்ற பெயரில் உலகமெங்கும் அரிசி விற்கும் நிறுவனம் லீட்டனில்தான் வேரூன்றியது. அதுவே டெனிலிக்வின் நகரத்துப் பெரிய ஆலையை 2007 இல் மூடி, மழை திரும்பிய பிறகே திறந்தது. ஆற்றுக்கும் தண்ணீர் மிச்சம் வேண்டும் என்று 2010 இல் அரசு வரைவு வெளியிட்டபோது கிரிஃபித்தில் விவசாயிகள் அந்தப் புத்தகத்தை எரித்தார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் ஆறும் செத்துக்கொண்டுதான் இருந்தது. அந்த நெல் வயல்களிலேயே அழிந்துவரும் ஒரு குருகு இனம் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது, இப்போது விவசாயிகளே அதற்காகக் கொஞ்சம் சீக்கிரம் தண்ணீர் கட்டிக் கொடுக்கிறார்கள்.

ஆகவே என் பதில், வேண்டாம் என்பதுதான். நம்மிடம் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் இருக்கிறது. குளத்தில் நீர் குறைந்த சிறுபோகத்தில் இத்தனை ஏக்கர்தான் என்று முடிவெடுத்து, தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் அதைப் பங்கிட்டு விதைக்கும் வழக்கம் இருக்கிறது. அது ஒழுங்காக நடப்பதில்லை, செல்வாக்குள்ளவர் வாய்க்காலை மறிப்பதும் நடக்கிறது, எல்லாம் சரி. அதைத் திருத்தச் சொல்லிக் கூட்டத்தில் எழுந்து சண்டை போடுங்கள். கூட்டத்தில் சண்டை போட ஒரு ஆளாவது முன்னால் இருப்பார். தண்ணீர் சந்தைக்குப் போய்விட்டால் யாரிடம் கேட்பது?

கேள்வி: லீட்டன் பக்கம் பண்ணை வேலைக்கு ஆள் எடுப்பதாக ஒருவர் மூதூரில் காசு சேர்க்கிறார். நம்பலாமா? (மூதூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். அவுஸ்திரேலியா பண்ணை வேலைக்குப் பருவகால ஆட்களை எடுக்கும் அரசுத் திட்டம் பசிபிக் தீவு நாடுகளுக்கும் கிழக்குத் தீமோருக்கும் மட்டுமே, இலங்கை அதில் இல்லை. கைத்தொழில் தகுதியோடு, முதலாளி பெயர் தெரிந்து, கிராமப்புற விசாவில் போவது வேறு, அதற்கு ஆங்கிலப் பரீட்சையும் தகுதிச் சான்றும் கேட்பார்கள். உங்களிடம் காசு கேட்பவரின் உரிம இலக்கத்தை வாங்கி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள். இலக்கம் தரத் தயங்கினால் அந்தப் பேச்சை அதோடு நிறுத்தி, ஏற்கெனவே கொடுத்தவர்களையும் கூட்டிக்கொண்டு போய்ப் பொலிஸில் முறைப்பாடு போடுங்கள்.