கடல் அட்டை கடிக்குமா?

கேள்வி: மன்னாரில் வேலை செய்யும் தம்பி, கடல் அட்டைப் பண்ணையின் படம் அனுப்பியிருந்தான். கொழுந்து எடுக்கும்போது எங்கள் காலில் ஏறும் அட்டைக்கு அது சொந்தமா? இரத்தம் குடிக்குமா? மகளோ, அது நட்சத்திர மீனின் இனம் என்று மிஸ் சொன்னதாகச் சொல்கிறாள். நீட்டாகக் கிடப்பதும் ஐந்து கையோடு இருப்பதும் எப்படி ஒரே இனமாகும்?
- வாசகி, பொகவந்தலாவை

பதில்: மகள் சொன்னதுதான் சரி, தங்கச்சி. உங்கள் காலில் ஏறுவது மண்புழுவுக்குச் சொந்தக்காரன். கடல் அட்டை இரத்தம் குடிக்காது. வாயைச் சுற்றியுள்ள பரிசக்கொம்புகளால் மணலை அள்ளி விழுங்கும். அதில் கலந்திருக்கும் அழுகல் துணுக்குகள்தான் அதன் சாப்பாடு. மிச்ச மணல் பின்னால் வந்துவிடும்.

சொந்தத்தைப் பார்க்க அதை வெட்டித்தான் ஆகவேண்டும். படிப்பித்த காலத்தில், போமலின் போத்தலில் கிடந்த ஒன்றைப் பிள்ளைகளுக்குப் பிளந்து காட்டினேன். வாய் முதல் பின்முனை வரை உட்சுவரில் ஐந்து தசைப் பட்டைகள் ஓடின. காமரங்காயை நீட்டாகப் பார்த்தால் வெறும் காய், குறுக்கே நறுக்கினால் நட்சத்திரம் அல்லவா? அப்படித்தான் இதுவும். நட்சத்திர மீன் வாயைக் கீழே வைத்து நிற்கிறது, இது பக்கவாட்டில் படுத்துக்கொண்டது.

இரண்டுமே நகர்வது குழாய்ப் பாதங்களால். உடலுக்குள் ஓடும் நீரின் அழுத்தத்தில் அவை நீண்டு ஒட்டும். எலும்புக்குப் பதில் நட்சத்திர மீனின் தோலுக்குள் சுண்ணாம்புத் தகடுகள் அடுக்கியிருக்கும்; கடல் அட்டையில் அவை நுணுக்குக்காட்டியில் மட்டும் தெரியும் பொடிகளாகிவிட்டன. அதனால்தான் அது மெத்தென்று இருக்கிறது.

அப்புறம், அது மூச்சு விடுவது ஆசனவாயால். சிரிக்காதீர்கள், நீரை அவ்வழியாகத்தான் உள்ளே இழுக்கிறது. சில இனங்களுக்குப் பல்லும் அங்கேதான், அதுவும் ஐந்து!

நம் அட்டை உப்புப் பட்டால் சுருண்டு விழும். கடல் அட்டையும் நட்சத்திர மீனும் உப்பு நீரை விட்டால் பிழைக்காது. உடல் நீரின் உப்பைச் சரிக்கட்ட நமக்குள்ள சிறுநீரகம் போல எதுவும் அவற்றுக்கு இல்லை. இந்தக் கூட்டத்தில் ஒன்றுகூட நன்னீரில் கிடையாது. கொத்மலை நீர்த்தேக்கத்தில் தேடவேண்டாம்.

கேள்வி: நட்சத்திர மீனுக்குத் தலை எங்கே இருக்கிறது, சேர்?
- உயர்தர மாணவன், ஹட்டன்

பதில்: தனியாகத் தலையும் இல்லை, மூளையும் இல்லை தம்பி. வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம், அதிலிருந்து கைக்கு ஒரு நரம்பு, கை நுனியில் வெளிச்சம் உணரும் சிறு கண்புள்ளி. எந்தக் கையும் முன்கையாகலாம். ஆனால் 2023இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வொன்று வேறு கதை சொல்கிறது. வட அமெரிக்க மேற்குக் கரையின் நட்சத்திர மீனொன்றில் எந்த மரபணு எங்கே வேலை செய்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். மற்ற விலங்குகளில் தலையை அமைக்கும் மரபணுக்கள் அதன் தோல் முழுக்க வேலை செய்தன. முண்டத்துக்கு உரியவை அங்கே பெரும்பாலும் இல்லை. அதாவது, கிட்டத்தட்ட முழு உடம்பும் தலைதான். பரீட்சையில் மட்டும் 'தலை இல்லை' என்றே எழுதும். விடைத்தாள் திருத்துகிறவரோடு போய் வழக்காட முடியாது.