முகத்தில் மங்கு: கிரீமை நிறுத்தினால் எரிகிறதே!

கேள்வி: எனக்கு மன்னார்குடி பக்கம் கிராமம். வயது 37. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்துவிட்டது. மெடிக்கலில் கேட்டு ஒரு கிரீம் வாங்கிப் போட்டேன். ஒரே மாதத்தில் முகம் பளிச்சென்று ஆனது. ஆனால் நிறுத்தினால் எரிகிறது, சிவக்கிறது. மங்கும் முன்பைவிடக் கறுத்துவிட்டது. கழுத்தும் கறுப்பாகிவிட்டது. பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மாமியார் ஜாதிக்காய் உரசிப் போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: ஜாதிக்காய் இருக்கட்டும், முதலில் அந்த டியூபின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். மொமெட்டாசோன், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் என்று மூன்று பெயர் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். முதலாவது ஸ்டீராய்டு. இந்த மாதிரிக் கூட்டு மங்குக்கு டாக்டர்களே எழுதுவதுதான். ஆனால் சில வாரங்களுக்கு, அவர்கள் கண்காணிப்பில். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் சிவப்பு நூல் மாதிரி தெரியும், பரு வரும், கன்னத்தில் முடிகூட வளரும். நிறுத்தினால் எரியும். எரிகிறதே என்று மறுபடி பூசுவோம். அந்தச் சுற்றில்தான் நீங்கள் மாட்டியிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியை இறுக்கியது. கடையில் சீட்டை யார் கேட்கிறார்கள், சொல்லுங்கள்!

திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் டாக்டரைப் பாருங்கள். கிரீமை எப்படி நிறுத்துவது, எரிச்சலுக்கு என்ன பூசுவது என்று சொல்வார்கள். அதன் பிறகு அசெலாயிக் அமிலம் போன்ற மிதமான மருந்துக்கு மாற்றலாம். கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள், அதுவும் மங்கைக் கூட்டும். அதுவரை எரிகிற தோலில் ஜாதிக்காயும் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்புளம் வந்து இன்னும் கறுக்கும்.

மங்கைக் கிளப்பிவிடுவது கர்ப்பகால ஹார்மோன் என்றால், தீனி போட்டு வளர்ப்பது வெயில். வெயிலைத் தடுக்காமல் எந்த மருந்து போட்டாலும் வீண்தான். மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கினால் காலை முதல் வயலில்தான் நிற்பீர்கள். முந்தானையைத் தலையில் போட்டால் நெற்றி தப்பும், கன்னம் தப்பாது. அகல விளிம்புத் தொப்பி வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்கள். வியர்வையில் வழிந்துவிடும், அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். தோல் நிறம் கலந்த சன்ஸ்கிரீனில் இரும்பு ஆக்சைடு இருக்கும். மங்குக்கு அதுவே நல்லது, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது தடுக்கும். இவ்வளவு செய்தாலும் மங்கு வெளிற மாதங்கள் ஆகும்.

சரி, கழுத்துக்கு வருவோம். எனக்குக் கன்னத்தைவிட அதுதான் கவலை. தொட்டால் வெல்வெட் போலத் தடித்திருக்கிறதா? அக்குளிலும் அப்படியா? அப்படியென்றால் அது அழுக்கு இல்லை, நாரை ஓரமாக வையுங்கள். தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது இப்படிக் கறுப்பது வழக்கம். பின்னால் சர்க்கரை நோய் வரலாம், ஏற்கெனவே வந்தும் இருக்கலாம். மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறதென்றால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். எடை கூடியிருந்தால், அது குறையக் குறைய கழுத்தும் மெல்ல வெளுக்கும். இதற்குத் திருவாரூர் வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரை பார்ப்பார்கள். காலையில் வெறும் வயிற்றோடு போங்கள்.