பாம்பு இரை எடுக்கவில்லையா? கேள்வி பதில்

வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: பாம்பு சாப்பிட மறுக்கிறது. அதனால் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: பந்து மலைப்பாம்பு (பால் பைத்தான்) வாங்கி மூன்று வாரம் ஆகிறது. ஆறு முறை எலி காட்டிவிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

மூன்று வாரத்தில் ஆறு முறை என்பதுதான் இங்கே பிரச்சினை. இடம் மாறி வந்த பாம்பு ஏற்கெனவே மிரண்டு போயிருக்கிறது. ஒரு வாரம் முழுக்கத் தொடாதீர்கள். தண்ணீர் மாற்ற மட்டும் கூண்டைத் திறங்கள்.

அந்த வாரத்தில் சூட்டைச் சரிபாருங்கள். பாம்புக்கு உடல் சூடு வெளியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். சூடு குறைந்தால் செரிக்காது, செரிக்காது என்றால் அது இரையைத் தொடாது. இந்த இனத்துக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 வரை இருக்கட்டும். கண்ணாடியில் ஒட்டும் வட்ட மானியை நம்பாதீர்கள். முனையில் சென்சார் உள்ள டிஜிட்டல் மானியைப் பாம்பு படுக்கும் இடத்திலேயே வைத்துப் பாருங்கள். ஹீட்டருக்குத் தெர்மோஸ்டாட் (சூடு அளவு மீறாமல் தானே கட்டுப்படுத்தும் கருவி) கட்டாயம்.

அடுத்தது ஒளிவிடம். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வேண்டும், சுருண்டு படுத்தால் உடம்பு சுவரில் உரசும் அளவுக்குச் சின்னதாக. விசாலமாக இருந்தால் அதற்கு நிம்மதி என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் பயம்தான் கூடும். எல்லாம் சரியான பிறகு, இருட்டியதும், ஒரே ஒரு முறை காட்டுங்கள். எடுக்காவிட்டால் அடுத்த முயற்சி ஏழு முதல் பத்து நாள் கழித்துத்தான்.

கேள்வி: எத்தனை நாள் பட்டினி தாங்கும்?

வளர்ந்த, ஆரோக்கியமான பந்து மலைப்பாம்பு மாதக்கணக்கில் தாங்கும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பாம்புகள் இரையை ஒதுக்குவது வழக்கம். நாளை எண்ணுவதை விட்டுவிட்டு எடையைக் குறியுங்கள். ஒரு டிஜிட்டல் தராசு போதும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். (கழிவு போட்ட மறுநாள் நிறுத்துவிட்டுப் பதறாதீர்கள், அந்த எடைதான் குறைந்திருக்கும்.) 1,500 கிராம் பாம்பு 1,350க்கு வந்துவிட்டால், அதாவது பத்து சதவீதம் குறைந்தால், ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். குஞ்சுகளுக்கு இவ்வளவு அவகாசம் கிடையாது.

கேள்வி: உயிருள்ள எலியைத்தான் பிடிக்கிறது, உறையவைத்த எலியைச் சீண்டுவதில்லை. அப்படியே விட்டுவிடலாமா?

விடாதீர்கள். ஒரு முறை எலியைக் கூண்டுக்குள் விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். பாம்புக்கு அன்று பசியில்லை, எலிக்குப் பசித்தது. காலையில் பாம்பின் முதுகில் சதை கிழிந்திருந்தது. ஆறுவதற்குப் பல மாதம் ஆயிற்று. அதன் பிறகு என் கூண்டுகளில் உயிருள்ள எலி நுழைந்ததே இல்லை.

பந்து மலைப்பாம்பின் உதட்டோரம் வெப்பத்தை உணரும் குழிகள் இருக்கின்றன. குளிர்ந்த எலி அதற்கு இரையாகவே தெரியாது. முதல் நாள் இரவே எலியை ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றி உருகவிடுங்கள். மறுநாள் உறையில் போட்டு, கொதிக்காத சூடான நீரில் அமிழ்த்தி, கிட்டத்தட்ட 38 டிகிரிக்குக் கொண்டு வாருங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், ஒரு பக்கம் வெந்து ஒரு பக்கம் உறைந்தே இருக்கும், வயிறும் வெடிக்கும். ஈரத்தைத் துடைத்துவிட்டு, தலைப்பக்கத்தை மட்டும் ஹேர் டிரையரில் கொஞ்சம் சூடேற்றுங்கள். நீண்ட இடுக்கியால் பிடித்து, ஒளிவிடத்தின் வாசலைக் கடந்து போவதுபோல மெதுவாக நகர்த்துங்கள். முகத்துக்கு நேரே நீட்டினால் மிரண்டு உள்ளே போய்விடும்.

கேள்வி: கண் நீலம் பூத்திருக்கிறது, சாப்பிடவும் இல்லை.

சட்டை உரிக்கப் போகிறது. உரித்து முடிக்கும் வரை இரை காட்ட வேண்டாம்.

கேள்வி: எலிக்குப் பதில் பால், கோழித் துண்டு கொடுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். பால் பாம்புக்குச் செரிக்காது, அதற்கு வேண்டியது சுத்தமான தண்ணீர். முழு எலியில் எலும்பு, ஈரல், தோல் எல்லாம் சேர்ந்திருப்பதால் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின்களும் கிடைக்கின்றன. வெறும் சதைத் துண்டில் அவை போதாது. இரையின் பருமன் பாம்பு உடம்பின் தடித்த இடத்தளவு இருந்தால் போதும்.

கேள்வி: சாப்பிட்ட இரண்டாம் நாள் கக்கிவிட்டது. உடனே வேறு எலி கொடுக்கட்டுமா?

தயவுசெய்து கொடுக்காதீர்கள். கக்கும்போது உணவுக்குழாய் புண்ணாகியிருக்கும். இரண்டு வாரம் தண்ணீர் மட்டும் வையுங்கள், பிறகு வழக்கத்தில் பாதி அளவு இரை. பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று: சூடு குறைவு, பெரிய இரை, அல்லது சாப்பிட்ட கையோடு தூக்கியது. இரை எடுத்த பிறகு 48 மணி நேரம் கையில் எடுக்கவே கூடாது. மறுபடி கக்கினால் மருத்துவர்.

கேள்வி: கார்ன் ஸ்நேக் குஞ்சு, பொரித்ததிலிருந்து எதுவுமே எடுக்கவில்லை. வாயைத் திறந்து ஊட்டிவிடலாமா?

அது கடைசி வழி, அதையும் பழகிய கை செய்ய வேண்டும். தாடையும் உணவுக்குழாயும் காயப்பட்டுவிடும், அந்த மிரட்சியில் இருக்கிற பசியும் போய்விடும். இந்தக் குஞ்சுகளில் சில பல்லியைத்தான் இரையாக நினைக்கும். முடி முளைக்காத எலிக்குட்டியைக் கழுவித் துடைத்து, பல்லி உரித்த தோலில் தேய்த்துக் கொடுத்துப் பாருங்கள். அதுவும் பலிக்காவிட்டால், காற்றுத் துளையிட்ட சின்ன டப்பாவில் குஞ்சையும் எலிக்குட்டியையும் சேர்த்து வைத்து, மூடி, இரவு முழுக்க எட்டிப் பார்க்காமல் விடுங்கள். எனக்கு இதுதான் அதிகம் கைகொடுத்திருக்கிறது. ஆனால் குஞ்சு வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, வாயோரம் நுரை தெரிந்தாலோ, முதுகெலும்பு கூர்மையாகத் துருத்தினாலோ இந்த முயற்சிகளில் நாளைக் கடத்தாமல் அன்றே மருத்துவரிடம் கொண்டு போங்கள்.