பெருமூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் வலக்கையும் பேச்சும் சேர்ந்து போவது ஏன்?

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் உங்கள் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தபின், நாம் சொல்வது விளங்கினாலும் பதில் சொல்ல முடியவில்லை, வலக்கையும் அசையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெருமூளை இரண்டு அரைக்கோளங்களால் ஆனது. அசைவுக்கான கட்டளையைக் கொண்டுசெல்லும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தின் அடியில் பக்கம் மாறுவதால், இட அரைக்கோளமே வலக்கையை ஆள்கிறது. அதன் நெற்றி மடலின் பின்விளிம்பில், சில மில்லிமீற்றர் தடிப்பேயுள்ள மேற்படையான புறணியில், உடலுறுப்புகளுக்குத் தனித்தனி இடமுண்டு. ஆனால் பங்கீடு சமமானதல்ல: இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளியெடுக்கும் விரல்களுக்கும், உதட்டுக்கும் நாக்குக்கும் கிடைத்திருப்பது முழு முதுகுக்குமுள்ளதைவிட மிகப் பெரிய இடம். அதற்குச் சற்று முன்னே, 1861இல் போல் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் சுட்டிக்காட்டிய பேச்சுப் பகுதி உள்ளது. பெரும்பாலானோருக்கு அது இடப்பக்கத்திலேயே அமைகிறது. இவ்விரண்டுக்கும் இரத்தம் தருவது நடுப் பெருமூளை நாடி என்பதால், அதன் மேற்கிளை அடைபட்டால் கையும் பேச்சும் ஒருங்கே போகின்றன. கேட்டதை விளங்கிக்கொள்ளும் பகுதி பின்னே, காதுப்பக்கமுள்ள கன்னப்பொறி மடலில், அதே நாடியின் கீழ்க்கிளையை நம்பியிருக்கிறது. அம்மாவுக்கு அது தப்பியிருக்கக்கூடும். ஆகவே, அவருக்குப் புரியாதென்று எண்ணி அவர் முன்னிலையில் எதையும் பேசிவிடாதீர்கள்.